தொப்பைக்கும் முதுகுக்கும் நடுவே: சிட்-அப்ஸின் கதை

1961 அக்டோபரில் ஹான்ஸ் கிரௌஸ் என்ற நியூயார்க் மருத்துவர் வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்பட்டார். அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடிக்கு அப்போது வயது 44. அதற்குள் முதுகில் நான்கு முறை அறுவை சிகிச்சை ஆகியிருந்தது: 1944, 1954, 1955, 1957. போதாக்குறைக்கு, அந்த ஆண்டு மே மாதம் கனடாவுக்குப் போன இடத்தில் சம்பிரதாயத்துக்கு ஒரு மரக்கன்று நட்டார். இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டது. வலியை மரக்கடிக்கும் ஊசி, ஊன்றுகோல், இடுப்பை இறுக்கும் பெல்ட், ஆடும் நாற்காலி என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது.

கிரௌஸ் வந்து பார்த்தார். எக்ஸ்ரேயைவிடத் தசைகளைத்தான் அதிகம் சோதித்தார். வயிறும் முதுகும் பலவீனம், தொடையின் பின்பக்கத் தசைகள் முறுக்கேறிய கயிறு. ஊசியை நிறுத்தச் சொன்னார், பயிற்சியைத் தொடங்கச் சொன்னார். வெள்ளை மாளிகை நீச்சல் குளத்தை ஒட்டிய சின்ன உடற்பயிற்சி அறையில், வாரத்துக்கு மூன்று நாள், அணு ஆயுதங்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் படைத்த மனிதர் தரையில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி நீட்டினார். மாதக் கணக்கில் செய்ததில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் பெல்ட்டை மட்டும் அவர் விடவில்லை. 1963 நவம்பர் 22 அன்று டல்லஸில் சுடப்பட்டபோதும் அது இடுப்பில் இருந்தது.

முதுகு வலி வந்தவருக்கு வயிற்றுத் தசைக்கான பயிற்சியா என்று இன்றைக்குச் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். ஜிம்மில் வயிற்றுப் பயிற்சி என்றாலே தொப்பை குறைக்க வந்தவருக்குக் கொடுப்பது. டிஸ்க் பிராப்ளம் உள்ளவரிடம் அதே பயிற்சியாளர், 'சார், நீங்க சிட்-அப்ஸ் பக்கமே போகாதீங்க' என்பார். இருவருக்கும் ஒரே பயிற்சிதான் ஒரு காலத்தில் எழுதிக் கொடுக்கப்பட்டது. தட்டையான வயிற்றுக்கான பயிற்சி என்று நாம் நினைப்பதில் கணிசமான பகுதி, முதுகு வலிக்கான மருத்துவத்திலிருந்து வந்தது. அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதும் முதுகு ஆராய்ச்சிதான்.

கதை 1934-ல் சூடு பிடிக்கிறது. அந்த ஆண்டு பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்கு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவது காரணமாகலாம் என்று எழுதினார்கள். நம் ஊரில் 'ஜவ்வு விலகிடுச்சு' என்று சொல்கிறோமே, அந்த நோய்க்கு மருத்துவ உலகில் முகவரி கிடைத்தது அப்போதுதான். மூன்றே ஆண்டுகளில், 1937-ல், டல்லஸ் எலும்பு மருத்துவர் பால் வில்லியம்ஸ் கத்தி வைக்காத ஒரு வழியை முன்வைத்தார். மனிதன் நிமிர்ந்து நின்றதால் இடுப்புப் பகுதி முதுகெலும்பு அளவுக்கு மீறி உள்வாங்கி வளைந்துவிட்டது, டிஸ்கின் பின்பக்கம் நசுங்குகிறது என்பது அவர் கணக்கு. ஆகவே வளைவைக் குறைக்க வேண்டும். வயிற்றையும் பிட்டத்தையும் பலப்படுத்த வேண்டும். படுத்துக்கொண்டு இடுப்பைத் தரையோடு அழுத்துவது, முழங்காலை நெஞ்சுக்கு இழுப்பது, பாதி சிட்-அப்ஸ் என்று அவர் வகுத்த பயிற்சிகள் அடுத்த சில பத்தாண்டுகளுக்கு முதுகு வலிக்காரர்களின் வீட்டுப் பாடமாயின. இன்றும் பழைய பிசியோதெரபி துறைகளில் அந்தப் படங்கள் அச்சடித்த தாளைக் கையில் கொடுப்பது உண்டு.

கிரௌஸ் இந்தக் கூட்டத்தில் சற்று வேறு ரகம். இன்று இத்தாலியில் இருக்கும் ட்ரியெஸ்ட் நகரில் 1905-ல் பிறந்தவர். சிறுவயதில் அவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ். வியன்னாவில் மருத்துவம் படித்து, 1938-ல் அமெரிக்கா வந்து, வாரக் கடைசிகளில் செங்குத்துப் பாறைகளில் ஏறித் திரிந்தவர். நியூயார்க்கின் கொலம்பியா-பிரெஸ்பிட்டேரியன் மருத்துவமனையில் சோனியா வெபரோடு சேர்ந்து முதுகு வலிக்காரர்களைச் சோதிக்க ஆறு எளிய பரிசோதனைகளை வகுத்தார். முழங்கால் நீட்டி ஒரு சிட்-அப், மடக்கி ஒரு சிட்-அப், குப்புறப்படுத்து மேலுடம்பை உயர்த்துவது, குனிந்து தரையைத் தொடுவது போன்றவை. ஒவ்வொன்றும் ஒரு முறை செய்தால் போதும். உடம்பு அன்றாட வாழ்க்கைக்குத் தாங்குமா என்று பார்ப்பது மட்டுமே நோக்கம்.

பிறகு அதே சோதனையைப் பள்ளிக் குழந்தைகளுக்கு வைத்தார்கள். ஐரோப்பியக் குழந்தைகளில் ஏதாவது ஒன்றில் தோற்றவர்கள் 9 சதவீதத்துக்கும் குறைவு. அமெரிக்கக் குழந்தைகளிலோ சுமார் 58 சதவீதம். 1955 ஜூலையில் இந்தக் கணக்கு அதிபர் ஐசன்ஹோவரின் மதிய விருந்து மேசைக்கு வந்தது. பனிப்போர்க் காலம், சோவியத் பிள்ளைகள் எப்படி இருப்பார்களோ என்ற கிலி வேறு. மறு ஆண்டே இளையோர் உடற்தகுதிக்கென்று அதிபரின் குழு ஒன்று அமைந்தது. நாடு முழுக்கப் பள்ளிகளில் உடற்தகுதித் தேர்வு வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு முறை செய்து காட்டச் சொன்ன சிட்-அப்ஸ், பள்ளி மைதானத்தில் எண்ணிக்கை விளையாட்டாக மாறியது இங்கேதான். காலை நீட்டிப் படுத்து, விரல்களைக் கழுத்துக்குப் பின்னால் கோத்து, தோழன் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, எழுந்து முழங்கையால் எதிர்ப்பக்க முழங்காலைத் தொட வேண்டும். பையன்களுக்கு உச்சவரம்பு 100, பெண் பிள்ளைகளுக்கு 50.

இதைவிட மோசமாக முதுகைப் படுத்த ஒரு வழியை யோசித்துக் கண்டுபிடிப்பது சிரமம். காரணம், சோவாஸ் என்ற தசை. இடுப்பு முதுகெலும்புகளின் இரு பக்கமும் தொடங்கி, இடுப்புக் கூட்டுக்குள் இறங்கி, தொடை எலும்பின் உள்மேட்டில் போய் ஒட்டும் தடித்த வடம் அது. காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பைத் தூக்கும் வேலையில் பெரும்பங்கை இதுவே எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறை எழும்போதும் முதுகெலும்புகளை ஒன்றோடொன்று நெருக்குகிறது. பலகை போன்ற வயிறு வேண்டுமென்று செய்பவர், உண்மையில் தொடையை மடக்கும் தசைக்கு வேலை கொடுத்துக்கொண்டிருப்பார். இது மெல்லப் புரிந்ததும், 1970-களின் நடுவில் பள்ளித் தேர்வில் முழங்காலை மடக்கச் சொன்னார்கள். மடக்கினால் சோவாஸ் ஓய்ந்துவிடும் என்ற நம்பிக்கை. அதுவும் பாதிப் பொய் என்று பிறகு தெரிந்தது.

அளந்து பார்க்கும் வேலையை ஸ்வீடனில் ஆல்ஃப் நாகெம்சன் தொடங்கினார். 1960-களில், விரும்பி முன்வந்தவர்களின் டிஸ்குக்குள்ளேயே அழுத்தமானி பொருத்திய ஊசியைச் செருகினார். நிற்கும்போதுள்ள அழுத்தத்தை 100 என்று வைத்தால் படுத்திருக்கும்போது 25, சாயாமல் உட்கார்ந்தால் 140. சிட்-அப்ஸ் செய்யும்போது இன்னும் எகிறியது. உட்காரும் நிலையைப் பற்றிய எண்ணை 1999-ல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் ஒருவரின் டிஸ்கில் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க அழுத்தமானியை வைத்து அளந்து, உட்காருவது நிற்பதைவிட மோசமில்லை என்று திருத்தினார்கள். குனிந்து பளு தூக்கினால் அழுத்தம் எகிறும் என்ற எச்சரிக்கை மட்டும் அப்படியே நின்றது.

இதற்கிடையில் நியூசிலாந்தின் வெலிங்டனில் ஒரு வேடிக்கை நடந்திருந்தது. 1956-ல் பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்ஸியிடம் வாரக்கணக்கில் குணமாகாத ஒரு நோயாளி வந்தார். மருத்துவ நூல்களில் அவர் பெயர் ஸ்மித். அறைக்குள் போய்க் குப்புறப் படுங்கள் என்று சொல்லிவிட்டு மெக்கன்ஸி வேறு வேலையில் மாட்டிக்கொண்டார். முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தியே இருந்தது. ஸ்மித் அதன் மேலேயே குப்புறப் படுத்து, முதுகு பின்னால் வில்லாக வளைந்தபடி ஐந்து நிமிடம் கிடந்தார். அன்றைய பாடப்படி அது முதுகைக் கெடுக்கும் நிலை. பதறியபடி ஓடிவந்த மெக்கன்ஸியிடம், இத்தனை வாரத்தில் இப்போதுதான் நன்றாக இருக்கிறது என்றார் அவர். கால் வலி மறைந்திருந்தது. வில்லியம்ஸ் முன்னால் மடக்கச் சொன்னதற்கு நேர் எதிராகப் பின்னால் வளைக்கும் மெக்கன்ஸி முறை அங்கே பிறந்தது. எல்லா முதுகுக்கும் ஒரே மருந்து என்ற எண்ணம் அன்றே ஆட்டம் கண்டிருக்க வேண்டும். காணவில்லை, இரு தரப்பும் தத்தம் தாளையே அச்சடித்துக்கொண்டிருந்தன.

தட்டை வயிற்றைப் பற்றிப் பேசும்போது ஜோசப் பிலாட்டீஸைத் தாண்டிப் போக முடியாது. ஜெர்மனியின் மோன்ஷென்கிளாட்பாக்கில் 1883-ல் பிறந்த நோஞ்சான் பிள்ளை. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் இருந்ததால் எதிரி நாட்டவர் என்று மேன் தீவின் நாக்கலோ முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே சக கைதிகளுக்குத் தரைவிரிப்பில் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். கட்டில் ஸ்பிரிங்குகளை வைத்து நோயாளிகளுக்குக் கருவி செய்தார் என்பது அவரைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கதை. 1926-ல் நியூயார்க் வந்து எட்டாவது அவென்யூவில் கூடம் திறந்தார். ஜார்ஜ் பாலன்ஷின், மார்த்தா கிரஹாம் போன்ற நடன மேதைகள், அடிபட்ட முதுகோடும் முழங்காலோடும் தங்கள் ஆட்டக்காரர்களை அவரிடம் அனுப்பினார்கள். உடம்பின் நடுப்பகுதிதான் எல்லா அசைவுக்கும் ஆதாரம் என்பது அவர் உபதேசம். வேடிக்கை என்னவென்றால், இன்றைய பிலாட்டீஸ் வகுப்புகளில் முதுகின் இயல்பான வளைவைக் கெடுக்காதீர்கள் என்கிறார்கள்; பிலாட்டீஸோ பச்சைக் குழந்தையின் முதுகுபோல நேராக இருக்க வேண்டும் என்றவர். 2000-ல் நியூயார்க்கில் ஒரு நீதிமன்றம், அவருடைய பெயர் யாருக்கும் சொந்தமான வணிகக் குறி அல்ல, பயிற்சி முறையின் பொதுப்பெயர் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு தெருவுக்கு ஒரு பிலாட்டீஸ் கூடம்.

அந்தக் கூடங்கள் பெருகியதற்கு இன்னொரு காரணம் ஆஸ்திரேலியாவில் உண்டு. 1996-ல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கையைச் சட்டென்று தூக்கும்போது, நலமாக இருப்பவர்களின் வயிற்றின் ஆழத்தில் இடுப்பைச் சுற்றி ஓடும் தசை, கைத் தசைக்கும் முன்பாகவே இறுகிக்கொள்கிறது. முதுகு வலிக்காரர்களிடம் அது தாமதிக்கிறது. நுட்பமான கண்டுபிடிப்புதான். ஜிம் அதை 'தொப்புளை முதுகோடு ஒட்ட உள்ளே இழு' என்ற ஒற்றைக் கட்டளையாகச் சுருக்கிக்கொண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்தத் தசைக்கென்று தனியாகச் செய்யும் பயிற்சி மற்றப் பயிற்சிகளைவிடப் பெரிதாக மேல் என்று தேறவில்லை.

சிட்-அப்ஸுக்குக் கடைசி ஆணி அடித்தவர் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் மெக்கில். அவர் ஆய்வகக் கணக்குப்படி ஒவ்வொரு சிட்-அப்பின்போதும் இடுப்பு முதுகெலும்பில் விழும் நெருக்கு விசை சுமார் 3,300 நியூட்டன். அதாவது முந்நூறு கிலோவுக்கும் மேற்பட்ட பாரம். முழங்காலை மடக்கினாலும் நீட்டினாலும் பெரிய வித்தியாசமில்லை. தொழிலாளர்களின் முதுகுக்கு அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த எல்லை 3,400. மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு எச்சரிக்கைக் கோடு போட்ட இடத்துக்கு, தொப்பை குறைக்க வந்தவர் நாளைக்கு நூறு தடவை போய் வருகிறார். பிறகு பன்றியின் முதுகெலும்புத் துண்டுகளை எந்திரத்தில் மாட்டி, மிதமான பாரத்தோடு ஆயிரக்கணக்கான முறை மடக்கி நிமிர்த்தினார்கள். டிஸ்க் என்பது கொழுக்கட்டை மாதிரி. வெளியே அடுக்கடுக்கான நார், உள்ளே பூரணம். முன்பக்கமே திரும்பத் திரும்ப நசுக்கினால் பூரணம் நாரின் இடுக்கு வழியாகப் பின்பக்கம் பிதுங்கும், அங்கேதான் நரம்பு இருக்கிறது.

எதிர்வாதமும் இருக்கிறது, நியாயமானது. செத்த பன்றியின் எலும்பு இரவில் ஓய்வெடுத்துத் தன்னைச் சரிசெய்துகொள்வதில்லை. உயிருள்ள டிஸ்க் ஓரளவுக்குத் தேறும், பழக்கத்தில் உறுதிப்படும். நல்ல முதுகுள்ள இளைஞர் பத்துப் பதினைந்து சிட்-அப்ஸ் செய்வதால் குடி முழுகிவிடாது. ஏற்கெனவே முதுகு கெட்டவருக்கு இந்தச் சமாதானம் செல்லாது என்பதே உண்மை.

மெக்கில் மாற்றாகச் சொன்னவை மூன்று. முதலாவதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மல்லாந்து படுக்க வேண்டும். ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி வைக்க வேண்டும். இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்புக்கு அடியில், முதுகுக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் குழிவில் செருக வேண்டும். அந்தக் குழிவு நசுங்கக் கூடாது என்பதற்கே கை. பிறகு வயிற்றை இறுக்கித் தலையையும் தோளையும் தரையைவிட்டுச் சற்றே எழுப்ப வேண்டும். எட்டு நொடி பிடித்து இறக்கினால் ஒன்று. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு எதுவும் நடந்தது போலவே தோன்றாது. இரண்டாவது, ஒருக்களித்து முழங்கையில் ஊன்றி இடுப்பைத் தூக்குவது. வலி உள்ளவர்கள் முழங்காலை ஊன்றிக்கொள்ளலாம். மூன்றாவது, நாலு காலில் நின்று எதிரெதிர் கையையும் காலையும் நீட்டுவது. மூன்றிலும் இடுப்பு முதுகெலும்பு மடங்குவதே இல்லை. வளைப்பது வயிற்றின் வேலையல்ல, வளைய விடாமல் காப்பதே அதன் வேலை என்பது வில்லியம்ஸின் பாதி சிட்-அப்ஸிலிருந்து அறுபது ஆண்டுக்கு மேல் தள்ளி வந்து சேர்ந்த இடம்.

முதுகு ஆய்வாளர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: விடிந்ததும் குனியாதே. இரவெல்லாம் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அதனால்தான் காலையில் நம் உயரம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடுதல். 1998-ல் அமெரிக்காவில் ஸ்டோவர் ஸ்னூக் குழுவினர் முதுகு வலிக்காரர்களை எழுந்த முதல் இரண்டு மணி நேரம் குனிவதைத் தவிர்க்கச் சொல்லியே வலி நாள்களைக் குறைத்துக் காட்டினார்கள். மெரினாவிலும் பூங்காக்களிலும் கிழக்கு வெளுக்கும்போதே சிமென்ட் பெஞ்சில் காலை மாட்டிச் சிட்-அப்ஸ் எடுக்கும் பெரியவர்களிடம் யாராவது இதைச் சொன்னால் புண்ணியம்.

சரி, தொப்பை? இத்தனை நெருக்கலையும் தாங்கிக்கொண்டு செய்தால் வயிறாவது தட்டையாகுமா? 1984-ல் ஃபிராங்க் காட்ச் என்ற மாசசூசெட்ஸ் ஆய்வாளர் 13 ஆண்களை 27 நாளில் தலைக்கு 5,004 சிட்-அப்ஸ் எடுக்க வைத்தார். முன்னும் பின்னும் வயிறு, தோள்பட்டைக்குக் கீழே, பிட்டம் ஆகிய மூன்று இடத்திலும் ஊசியால் கொழுப்பை எடுத்துச் செல்லின் அளவைப் பார்த்தார். மூன்று இடத்திலும் ஒரே மாதிரியான சிறு மாற்றம். வயிற்றுக்கென்று தனிச் சலுகை எதுவுமில்லை. எடையும் குறையவில்லை. 2011-ல் வேறொரு குழு 24 பேரை வைத்து ஆறு வாரம், ஏழு வகை வயிற்றுப் பயிற்சி என்று மறுபடி பார்த்தது. தசை தாங்கும் திறன் கூடியது, வயிற்றுச் சுற்றளவு அசையவில்லை.

விளம்பரக்காரர்கள் இதையெல்லாம் படிப்பதில்லை. நின்ற இடத்தில் நின்றால் கொழுப்பைக் குலுக்கிக் கரைக்கும் அதிரும் பெல்ட் முதல், சோபாவில் சாய்ந்திருக்கும்போதே ஆயிரம் சிட்-அப்ஸுக்குச் சமம் என்ற மின்சார பெல்ட் வரை விற்றுக் குவித்தார்கள். 2002-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஆப் எனர்ஜைசர், ஆப்ட்ரானிக், ஃபாஸ்ட் ஆப்ஸ் ஆகிய மூன்று மின்சார பெல்ட்டுகளின் விற்பனையாளர்கள் மீது பொய் விளம்பர வழக்குப் போட்டது.

ராணுவங்கள் மாற நேரம் எடுத்துக்கொண்டன. 1980 முதல் இரண்டு நிமிட சிட்-அப்ஸ் வைத்த அமெரிக்கத் தரைப்படை 2022-ல் அந்தத் தேர்வையே கைவிட்டு, முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பைப் பலகைபோல நேராகப் பிடிக்கும் பிளாங்கை உள்ளே கொண்டுவந்தது. கடற்படை அதற்கு ஓராண்டு முன்பே மாறியிருந்தது. மரீன் படை 2023-ல். ஆனால் எண்ணும் ஆசை மனிதனை விடுவதாயில்லை. இப்போது பிளாங்கில் யார் அதிக நேரம் என்று போட்டி: செக் நாட்டைச் சேர்ந்த யோசப் ஷாலெக் 2023-ல் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் நின்று உலக சாதனை படைத்தார். பத்துப் பத்து நொடியாகப் பிடித்து விட்டாலே முதுகுக்குப் போதும் என்கிறார் மெக்கில்.

முதுகு கெட்டவர் தொப்பை குறைய என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு இந்த வரலாற்றிலிருந்து கிடைக்கும் பதில் சப்பென்றிருக்கும்: தட்டில் அளவு, காலுக்கு வேலை, இடுப்பை வளைக்காத சில பயிற்சிகள். கென்னடி கட்டியது போன்ற இடுப்பு பெல்ட்டை உலக சுகாதார நிறுவனமே 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில் வேண்டாமென்றது. காலுக்கு வேலை என்பதற்குப் புதிய சான்றும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழகம் முதுகு வலியிலிருந்து தேறிய 701 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினரைப் படிப்படியாக வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு அரை மணி வரை நடக்கப் பழக்கியது. நடக்காதவர்களுக்கு வலி திரும்ப ஆன காலம் நடுமட்டக் கணக்கில் 112 நாள். நடந்தவர்களுக்கு 208 நாள். 2024-ல் லான்செட் இதழில் வந்த கணக்கு இது. காலில் மரத்துப்போதல், பலவீனம், சிறுநீர் அடக்க முடியாமை இருந்தால் மட்டும் நடையும் வேண்டாம், பிளாங்கும் வேண்டாம்; அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.